தூங்கும் பெண்ணும் விழித்திருக்கும் காட்டேரியும்

2008 ஆகஸ்ட் 2. அமெரிக்காவில் புத்தகக் கடைகள் நள்ளிரவில் திறந்து வைக்கப்பட்டிருந்தன. ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்வைலைட்' வரிசையின் நான்காவது நாவலான 'பிரேக்கிங் டான்' அன்றுதான் வெளியானது. முதல் 24 மணி நேரத்திலேயே 13 லட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே வேறு ஒரு குரலும் கேட்க ஆரம்பித்தது. மூன்று புத்தகங்களை உயிராய்ப் படித்த பெண்களே, "இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தோம்?" என்று கேட்டார்கள். சிலர் புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பெல்லா என்ற பதினேழு வயதுப் பெண், தன்னோடு படிக்கும் எட்வர்ட் மீது காதல் கொள்கிறாள். அவன் மனிதன் அல்ல, இரத்தக் காட்டேரி. அவளுடைய இரத்தத்தின் வாசனை அவனைப் பைத்தியமாக அடிக்கிறது. இருந்தாலும் அவன் நல்லவன். அவனுடைய குடும்பம் மனிதர்களைத் தொடுவதில்லை, மிருக இரத்தம் மட்டுமே குடிக்கிறது. தங்களை 'சைவம்' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறது! நான்காவது புத்தகத்தில் திருமணம், குழந்தை எல்லாம் முடிந்து, காட்டேரிகளின் அதிகார வர்க்கம் ஒன்று படையோடு வந்து நிற்கிறது. பெரிய யுத்தம் வரப் போகிறது என்று பக்கம் பக்கமாகத் தயார் செய்கிறார்கள். கடைசியில் என்ன நடக்கிறது? பேசுகிறார்கள். பேசிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். வாசகர் நேசித்த ஒருவர்கூடச் சாகவில்லை. 2012-ல் அதைப் படமாக எடுத்தவர்களுக்கே இது போதவில்லை போலிருக்கிறது. தலைகள் உருளும் ஒரு யுத்தத்தைத் தாங்களாகச் சேர்த்தார்கள். பிறகு அது ஒரு பாத்திரம் முன்கூட்டிக் கண்ட காட்சி மட்டும்தான் என்று முடித்துவிட்டார்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. நாலு புத்தகம் முழுக்க ஆபத்து, ஆபத்து என்று பற்று எழுதிவிட்டு, வரவுப் பக்கத்தைக் காலியாக விட்டால் ஐந்தொகை எப்படி நேராகும்? அந்த வாசகிகளின் ஏமாற்றம் இதுதான். ஆனால் தப்பு நடந்தது நான்காவது புத்தகத்தில் அல்ல. 2005-ல் வந்த முதல் புத்தகத்திலேயே, ஒரு சின்னக் காட்சியில் அது நடந்துவிட்டது. பெல்லா தூங்குகிறாள். எட்வர்ட் அவளுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்கு வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவளைக் கொல்லக் கூடியவன் அவன். அதை அவனே சொல்கிறான். ஆனாலும் விஷயம் தெரிந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, ஒருவிதப் பெருமைதான் வருகிறது.

தூங்கும் பெண், பக்கத்தில் விழித்திருக்கும் ஏதோ ஒன்று. பேய்க்கதையில் இதைவிடப் பழைய காட்சி அனேகமாக இல்லை. 1845-ல் லண்டனில் மலிவு விலையில் வாராவாரம் வெளிவர ஆரம்பித்த 'வார்னி' என்ற காட்டேரிக் கதை, புயல் அடிக்கும் இரவில் தூங்கும் ஒரு பெண்ணின் கழுத்தில்தான் தொடங்குகிறது. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வில் லூசி என்ற பெண் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவள். அந்த வழியாகத்தான் டிராகுலா அவளிடம் வருகிறான். நான்கு ஆண்கள் தங்கள் இரத்தத்தை அவளுக்கு ஏற்றுகிறார்கள், அப்படியும் செத்துப் போகிறாள். செத்தவள் காட்டேரியாக எழுந்து வந்தபோது, அவளை மணக்க இருந்தவனே அவள் நெஞ்சில் கட்டையை அடித்து இறக்க வேண்டியிருக்கிறது. அங்கே கணக்கில் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது.

'இளைஞர்களுக்கான கதை, அதனால் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்க வேண்டும்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பலால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் போனது. 1816-ன் அந்த இருண்ட கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து பாலிடோரி என்ற இளம் மருத்துவர் எழுதிய காட்டேரிக் கதை 1819-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்திருந்தது. அதை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18 தான். தனக்கு ஒரு துணை வேண்டும் என்று அந்த உருவம் கெஞ்சுகிறது. படைத்தவன் பாதி செய்த துணையைக் கிழித்துப் போடுகிறான். பதிலுக்கு அது அவனுடைய கல்யாண இரவில் வந்து மணப்பெண்ணைக் கொல்கிறது. ஒரு பதினெட்டு வயதுப் பெண் இதை எழுத முடியும் என்றால், பதினெட்டு வயதுப் பெண் படிக்கவும் முடியும்.

பிறகு ஏன் மாறியது? 1976-ல் ஆன் ரைஸ் எழுதிய நாவலில் காட்டேரியே உட்கார்ந்து தன் துக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தது. பாவம் என்று தோன்றிவிட்ட பிறகு அழகாக்குவதும், அழகான பிறகு காதலனாக்குவதும் பெரிய வேலையல்ல.

தமிழுக்கு இந்த ஏமாற்றம் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நாவல் சந்தை சூடுபிடித்தபோது, அதிகம் இறக்குமதியான சரக்கு ரெயினால்ட்ஸ் (1814–1879). 'மர்மம்' என்றாலே அவர்தான். ஆரணி குப்புசாமி முதலியார் அவர் கதைகளுக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் ஊரும் சூட்டி எழுதித் தள்ளினார். மறைமலை அடிகளே ரெயினால்ட்ஸ் கதை ஒன்றைத் தழுவி 1911-ல் 'குமுதவல்லி நாகநாட்டரசி' எழுதினார் என்றால் அந்தக் காற்று எவ்வளவு வேகமாக அடித்தது என்று யோசித்துக்கொள்ளலாம்.

இந்தத் தழுவல் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர் புதுமைப்பித்தன். 1906-ல் பிறந்த அவர் பி.ஏ. படித்தது திருநெல்வேலி இந்துக் கல்லூரியில். அந்தக் கல்லூரி இப்போது இருப்பது பேட்டையில். பிறமொழிக் கதை வேண்டும் என்றால் மொழிபெயர்த்துக் கொடு, ஆளையும் ஊரையும் மாற்றிச் சொந்தச் சரக்கு மாதிரி விற்காதே என்பது அவர் கட்சி. சொன்னபடியே அவர் ஃபிராங்கன்ஸ்டைனை 1943-ல் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழில் தந்தார். ஜெனீவா ஏரிக்கரைப் பேய் தாமிரபரணிக்காரர் ஒருவர் கையால் தமிழுக்கு வந்தது இப்படித்தான்.

அதே 1943-ல்தான் அவருடைய 'காஞ்சனை'யும் வந்தது. அதிலும் தூங்கும் பெண் இருக்கிறாள். கதை சொல்பவன் ஒரு எழுத்தாளன். பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை அவன் மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இரவில் இனம் தெரியாத ஒரு வாடை. தூங்கும் மனைவியின் கழுத்தில் இரத்தம். விழித்திருப்பவன் கணவன். ஆனால் அவனால் எதையும் செய்ய முடியவில்லை, எது நிஜம் என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை. காஞ்சனை யார், எதற்கு வந்தாள் என்று கடைசிவரை பதில் கிடையாது. இங்கேயும் கணக்கு முடிக்கப்படவில்லையே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. புதுமைப்பித்தன் கடன் இல்லை என்று அழித்து எழுதவில்லை, நிலுவையில் வைத்துவிட்டுப் போகிறார். படித்தவன் அன்று இரவு விளக்கை அணைக்கும்போது அந்த நிலுவை அவன் பெயருக்கு வந்துவிடுகிறது.

சரி, இதெல்லாம் அச்சில் வந்தவை. பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் இசக்கியம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. வில்லும் குடமும் உடுக்கும் ஜால்ராவும் சேர்ந்து இரவெல்லாம் சொல்லும் கதை, அம்மன் எப்படி அம்மன் ஆனாள் என்பதுதான். 'இயக்கி' என்ற சொல்தான் இசக்கி ஆனது என்பார்கள். கதையில் அவள் பெயர் நீலி. ஊருக்கு ஊர் சில்லறை வேறுபாடுகள் உண்டு. தெற்கே வில்லில் பாடப்படுவது பெரும்பாலும் இப்படிப் போகும்.

ஒரு கோயில் பூசகன் தாசி குலத்துப் பெண் ஒருத்தியிடம் மயங்கி, கைப்பொருள் அத்தனையும் அந்த வீட்டில் இறைக்கிறான். பணம் தீர்ந்ததும் அவளுடைய தாய் அவனை வெளியே தள்ளுகிறாள். ஆனால் பெண் அவனை நிஜமாகவே விரும்புகிறாள். நகைகளை அணிந்துகொண்டு அவன் பின்னாலேயே காட்டு வழியில் போகிறாள். களைப்பில் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போகிறாள். அவன் விழித்திருக்கிறான், அவள் கழுத்து நகையைப் பார்க்கிறான். மெல்லத் தலையை இறக்கி மண் மேல் வைத்துவிட்டு, ஒரு கல்லைத் தூக்கி அவள் தலையில் போடுகிறான். பார்த்த சாட்சி பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி ஒன்றுதான். நகையோடு போனவனைப் பாம்பு கடிக்கிறது. தங்கையைத் தேடி வந்த அண்ணன் பிணத்தைப் பார்த்துவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான்.

கதை இங்கே முடியவில்லை. அண்ணனும் தங்கையும் சோழ அரசனுக்கு நீலன், நீலி என்று பிறக்கிறார்கள். இரவில் தொட்டிலை விட்டு இறங்கி ஆடுமாடுகளைத் தின்கிறார்கள் என்று தெரிந்ததும் காட்டில் விடப்படுகிறார்கள். பழையனூர் வேளாளர்கள் மரம் வெட்டப் போய் நீலன் அழிகிறான். நீலி அதையும் மனதில் எழுதி வைத்துக்கொள்கிறாள். பூசகன் மறுபிறப்பில் ஆனந்தன் என்ற செட்டியாகப் பிறந்து, வியாபாரத்துக்காகப் பழையனூர் வழியாக வருகிறான். ஜோசியர் எச்சரித்திருப்பதால் கையில் மந்திரித்த ஆயுதம் இருக்கிறது. நீலி அழகான பெண்ணாக வந்து நிற்கிறாள். ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள், அது குழந்தை ஆகிறது. "என் புருஷன் என்னை வேண்டாம் என்கிறார்" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். குழந்தையை இறக்கிவிட்டால் அது நேராக அவன் மடியில் போய் உட்கார்ந்து அப்பா என்கிறது. அன்று சாட்சி சொல்லாத கள்ளி இன்று சாட்சி சொல்கிறது! எழுபது வேளாளர்களும் அவளை நம்புகிறார்கள். "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, ஆயுதத்தை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து பார்த்தால் செட்டி பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கத்தில் இந்த இடம்தான் அது என்று இன்றும் காட்டுகிறார்கள். இதன் கரு ஏழாம் நூற்றாண்டுக்கும் முந்தையது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

காதல், பேய், மறுபிறவி, அழகான அரக்கி. இன்றைய இளைஞர் நாவலின் அட்டையில் போடுகிற எல்லாமே இதில் இருக்கிறது. ஆனால் கொடையில் விடிய விடியக் கேட்டவர்கள் யாரும் ஏமாந்து போய்ப் பாயைச் சுருட்டியதில்லை. மடியில் தூங்கியவளின் கட்டம் வரும்போது முன்வரிசையில் இருக்கும் பெண்கள் சத்தமில்லாமல் ஆகிவிடுவார்கள், சிலருக்குச் சாமி வந்துவிடும். வீட்டை விட்டு ஒருவனை நம்பிப் போவதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தை வில்லுக்காரர் ஒரு வரியில்கூடக் குறைத்துச் சொல்வதில்லை. ஊரே கூடித் தீர்ப்புச் சொன்னாலும் தப்பாகலாம், நல்லவர்கள் கொடுத்த வாக்குக்கும் விலை கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். எட்வர்ட் கதை இதே தூங்கும் பெண்ணை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் விழித்திருப்பவன் காவலன்தான், பயப்படாதே என்கிறது. பதினாறு வயதில் அதைக் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். இவ்வளவு தடித்த புத்தகங்களை லட்சக்கணக்கான பெண்கள் கீழே வைக்காமல் படித்தார்கள் என்பது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் பயம் போன இடத்தில் கதைக்கு வேறு எதுவும் மிச்சம் இருக்கவில்லை என்பதுதான் நான்காவது புத்தகத்தில் வெளியே தெரிந்தது.

பேயைத் திருத்தவே கூடாது என்பதில்லை. ட்வைலைட்டுக்கு ஆயிரம் வருடம் முன்னால் ஒரு சமணப் புலவர் இதே நீலியைத் திருத்தினார். பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்படும் 'நீலகேசி'யில், காளிக்கு உயிர்ப்பலி வேண்டாம், மண்ணால் செய்த உருவங்கள் போதும் என்று சொன்ன முனிச்சந்திரர் என்ற முனிவரை விரட்டுவதற்காகப் பழையனூர் நீலி வடக்கே அழைக்கப்படுகிறாள். பயமுறுத்திப் பார்க்கிறாள், அரசகுமாரி வேஷத்தில் மயக்கியும் பார்க்கிறாள். இரண்டும் பலிக்காமல் கடைசியில் அவரிடமே சீடராகிறாள். ஆனால் எட்வர்ட் குடும்பம் மாதிரி மனித இரத்தத்தை விட்டு மிருக இரத்தத்துக்கு மாறிவிட்டு, அழகாக வீட்டில் உட்காரவில்லை. இரத்தத்தையே விட்டுவிடுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று ஒவ்வொருவரோடும் வாதம் செய்கிறாள். பேயாக இருந்ததைவிட அதிகமான உழைப்பு! அவள் திருந்தியதை நம்ப முடிவதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

தெற்குச் சீமை மக்கள் மட்டும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து இசக்கியம்மன் சிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு குழந்தை அவள் இடுப்பில் பத்திரமாக இருக்கும். இன்னொன்று அவள் வாயில் கடிபட்டுக் கொண்டிருக்கும். பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்கள், மண்ணில் செய்த குழந்தைப் பொம்மைகளை அந்தச் சிலையின் காலடியில்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள்.