சமூகக் கலைப் பயிற்றுநர்களின் தொழில் வளர்ச்சி: புனேயும் பாணேரும்

பள்ளி, கல்லூரிப் பணிக்கு வெளியே, குடியிருப்பு வளாகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் இசை, நடனம், நாடகம், ஓவியம் கற்றுத்தருபவர் சமூகக் கலைப் பயிற்றுநர். கலையில் தேர்ச்சி பெற்ற அவர், கற்பிக்கும் திறனையும் பணியில் இருந்தபடியே வளர்த்துக்கொள்ளப் பயிலரங்குகள், பாடநூல்கள், சக ஆசிரியர்களின் வகுப்பைக் காணும் வாய்ப்பு ஆகியவை தேவைப்படுகின்றன. மகாராட்டிரத்தில் புனே நகரத்துக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. நகரின் வடமேற்கே உள்ள பாணேருக்கு அந்த வரலாற்றின் பலன் இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

ஆசிரியரை உருவாக்கிய வகுப்பு

பண்டிதர் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் 1901இல் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். பாடகர்களை உருவாக்கியதோடு அவர் நிற்கவில்லை. ‘உபதேசக்’ என்ற பெயரில் தனி வகுப்பு வைத்து, இசை கற்பிப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொள்ளும் மாணவர்களைப் பள்ளியிலேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார். அவர்கள் கற்றுக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார்கள். இன்று பணியிடைப் பயிற்சி என்று சொல்லப்படுவதன் சாரம் அந்த வகுப்பில் இருந்தது.

1908இல் பம்பாய்க்குப் பெயர்ந்த அந்தப் பள்ளி பிறகு கடன் சுமையால் மூடப்பட்டது. பலூஸ்கரும் 1931இல் மறைந்தார். ஆனால் அவர் உருவாக்கிய ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார்கள். அவர்களுள் ஒருவரான விநாயகராவ் பட்வர்தன் பால கந்தர்வரின் நாடகக் குழுவில் பத்தாண்டுக் காலம் நடித்துவிட்டு, 1932இல் புனேயில் கந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவினார். அவர் ஏழு பாகங்களாக எழுதிய ‘ராக விஞ்ஞான்’ இந்துஸ்தானி இசை ஆசிரியர்களின் கைநூலாயிற்று. பெரிய குருவிடம் பயிலும் வாய்ப்பில்லாத சிற்றூர் ஆசிரியருக்கு அச்சிட்ட பாடநூல் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழகத்திலும் இதே எண்ணம் இதே காலத்தில்தான் உருப்பெற்றது. சென்னை மியூசிக் அகாதெமி 1931இல் இசை ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல்வர் டைகர் வரதாச்சாரியார். ஒருவர் நன்றாகப் பாடுவதாலேயே நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட மாட்டார் என்பதை இரண்டு மரபுகளும் ஒரே நேரத்தில் உணர்ந்திருந்தன.

நாடகமும் நடனமும்

பெர்லினின் கிரிப்ஸ் நாடக இயக்கத்தை 1980களில் புனேக்குக் கொண்டுவந்தவர் மோகன் ஆகாஷே. இவர் நடிகர், மனநல மருத்துவரும்கூட. கிரிப்ஸ் நாடகங்களில் குழந்தை வேடங்களைப் பெரியவர்களே ஏற்பார்கள். குழந்தை எப்போது பயப்படுகிறது, எதைக் கேட்கத் தயங்குகிறது, பெரியவர்களின் அநீதியை எப்படி எடைபோடுகிறது என்று கவனிக்காமல் அந்த வேடங்களில் நடிக்க இயலாது. குழந்தைகளுக்கு எந்தக் கலையைக் கற்பிப்பவருக்கும் வேண்டிய முதல் பயிற்சி இந்தக் கவனிப்புதான். பாடத்திட்டம் போடுவதை யாரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். இதைப் பழகவோ ஆண்டுகள் ஆகும்.

1987இல் புனே பல்கலைக்கழகத்தில் லலித் கலா கேந்திரம் உருவாயிற்று. இசை, நடனம், நாடகம் மூன்றிலும் குருகுல முறையையும் பட்டப்படிப்பையும் இணைக்க முயன்ற அமைப்பு இது. நாடகாசிரியர் சதீஷ் ஆலேகர் 1996 முதல் 2009 வரை இதன் தலைவராக இருந்தார்.

நடனத்தில் ரோகிணி பாட்டே 1947இல் நிறுவிய நிருத்யபாரதி, கதக் ஆசிரியைகளைப் பல தலைமுறைகளாக உருவாக்கிய பள்ளி. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான பெயர் சுசேதா பிடே சாபேகர். தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற இவர், தஞ்சை மராத்திய மன்னர்களின் மராத்தி நடனப் பாடல்களை ஆய்ந்து மேடைக்குக் கொண்டுவந்தார். மராத்திப் பிள்ளைகளுக்குப் பரதம் கற்பிக்கும் ஆசிரியைக்கு அவர்களின் தாய்மொழியிலேயே பாடல்கள் கிடைத்தன. கற்பிப்பவர் வளர்வது இப்படியும் நடக்கும்.

பாணேரின் தேவை

1997இல் புனே மாநகராட்சியோடு இணைந்த பாணேர், ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு அருகில் இருப்பதால் வேகமாக வளர்ந்தது. பல மாநிலத்துக் குடும்பங்கள், தமிழர் உட்பட, இங்கே அடுக்ககங்களில் வாழ்கின்றன. இத்தகைய பகுதிகளில் கலை வகுப்பு நடத்துபவர் பெரும்பாலும் தனியாளாக உழைப்பவர். மராத்தி, இந்தி, தமிழ் பேசும் ஏழு வயதுப் பிள்ளைகளும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கையில் இருக்கும் சான்றிதழோ, பிராரம்பிக் முதல் அலங்கார் வரை நீளும் கந்தர்வ மகாவித்யாலய மண்டலத் தேர்வுகளைப் போல, முதன்மையாகக் கலைத் தேர்ச்சியை அளப்பது. கலவையான வகுப்பை நடத்துவது, பின்தங்கும் பிள்ளையைத் தூக்கிவிடுவது, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது, பாதுகாப்பான தொடுகையின் எல்லைகள் ஆகியவற்றை அவர் பெரும்பாலும் தாமாகவே தேடிக் கற்க வேண்டியிருக்கிறது.

அரசுக் கொள்கையும் இவரை எட்டவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 1979இல் தொடங்கப்பட்ட கலாச்சார வள மற்றும் பயிற்சி மையமும் பணியில் உள்ள பள்ளி ஆசிரியர்களுக்கே முதன்மையாகப் பயிற்சி தருகிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் மாலையில் வீட்டு முன்னறையில் பாட்டு வகுப்பு நடத்துபவர் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. அவர் பயிலரங்குக்குப் போகும் நாளில் வகுப்பு நின்றால் அந்த நாளின் வருமானமும் நின்றுபோகலாம்.

பாணேர் சாலை தொடங்கும் இடத்திலேயே பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. லலித் கலா கேந்திரமும் அங்கேயே இருக்கிறது. கற்பித்தலுக்கென வார இறுதிப் பயிற்சியை இப்பயிற்றுநர்களுக்குத் திறந்துவிட இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. குடியிருப்புச் சங்கங்கள் மாதம் ஒருநாள் தங்கள் கூடத்தை ஆசிரியர்களின் சந்திப்புக்கு வாடகையின்றித் தரலாம். பிள்ளையை வகுப்பில் சேர்க்கும் பெற்றோரே, ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் வாரத்திலும் கட்டணத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.