உடற்கல்விக்கு வித்திட்ட ஹாரி பக்

உடற்கல்வி ஆசிரியரை விசில் ஊதுபவர் என்றே நம் மேலநீலிதநல்லூர்ச் சிறுவர்கள் கருதுகின்றனர். அப்பணிக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் பள்ளிகளில் ‘டிரில்’ பழக்கியோர் பெரும்பாலும் பட்டாளத்தினின்று ஓய்வு பெற்றவர்களே. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, விளையாட்டுப் பயிற்சியை முறையாகப் பயின்று சான்றிதழ் பெறத்தக்க கல்வியாக்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943இல் மறைந்தார்.

அந்தச் சான்றிதழையே நாம் பெரிதாக மதிக்கிறோம். மராட்டியத்தில் நம்மவரான பல்வாங்கர் பாலு 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வளவு இருந்தும், இந்து அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் திறமையைக் கண்டும் காணாதிருந்தனர்; சான்றிதழ் உடையவரை அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று. இன்று அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடும் உண்டு. மைதானத்தில் எவர் எங்கே நிற்பது என்று சொல்பவர் அவ்வாசிரியரே.