நான்காவது ஆள்

1959 பிப்ரவரி 3. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சுற்றிலும் வயல்களைத் தவிர வேறொன்றும் இல்லாத மேசன் சிட்டி விமான நிலையம். இரவு ஒரு மணி ஆகப்போகிறது. லேசான பனித்தூவல், தெற்கிலிருந்து பலத்த காற்று. பீச்கிராஃப்ட் பொனான்ஸா என்ற குட்டி விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்பியது. உள்ளே மூன்று ராக் அண்ட் ரோல் பாடகர்கள்: பட்டி ஹாலி (22), ரிச்சி வாலன்ஸ் (17), 'பிக் பாப்பர்' என்கிற ஜே. பி. ரிச்சர்ட்சன் (28). ஓட்டியவர் ரோஜர் பீட்டர்சன், வயது 21. சில மைல் தள்ளி ஒரு வயலில் விமானம் விழுந்தது. நான்கு பேருமே இறந்துபோனார்கள்.

டான் மெக்லீன் 1971இல் பாடிய 'அமெரிக்கன் பை' வழியாகத்தான் எனக்கு இந்த விபத்து அறிமுகம். பாட்டைப் பிடித்துக்கொண்டு தேடிப்போகிறவர்கள் வழக்கமாகப் போய் நிற்கும் இடம் நாணயக் கதை. ஹீட்டர் வேலை செய்யாத பஸ்ஸில் குளிர்கால ஊர்சுற்றல். டிரம்மரின் பாதங்கள் உறைந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஹாலி ஆளுக்கு 36 டாலரில் விமானம் பேசினார். காய்ச்சலில் இருந்த ரிச்சர்ட்சனுக்கு வேலன் ஜென்னிங்ஸ் தன் சீட்டைக் கொடுத்தார். வாலன்ஸ் நாணயம் சுண்டி ஜெயித்து ஏறினார். தலையெழுத்து என்று பெருமூச்சு விட வசதியான கதைதான். ஆனால் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு அதே வருடம் வெளியிட்ட விசாரணை அறிக்கையை வாசித்தபோது, அதில் தலையெழுத்துக்கு இடமே இல்லை என்று தெரிந்தது. அதில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்.

முதலில் வானிலை. பீட்டர்சன் கிளம்புவதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை விசாரித்திருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்டது சுமாரான வானிலை. ஆனால் அன்று இரவே மினியாபொலிஸிலிருந்தும் கான்சாஸ் சிட்டியிலிருந்தும் அவசர எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தன. இரண்டுமே அவர் காதுக்கு வரவில்லை.

அடுத்தது இருட்டு. நிலா இல்லை, நட்சத்திரம் இல்லை, கீழே விளக்கு எரியும் ஊரும் இல்லை. அடிவானம் கண்ணில் படாதபோது உடம்பை நம்ப முடியாது. உட்காதில் உள்ள திரவம் மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடிக்கும்போதும் நேராகப் போகிற மாதிரியே இருக்கும். அந்த நேரத்தில் கருவிகள்தான் கண். பீட்டர்சன் 711 மணி நேரம் பறந்தவர், கத்துக்குட்டி இல்லை. ஆனால் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான உரிமம் அவரிடம் கிடையாது. எழுத்துத் தேர்வில் தேறி, 1958 மார்ச்சில் நடந்த பறக்கும் தேர்வில் தவறியிருந்தார். அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கும் கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே அனுமதி.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது மூன்றாவது விஷயம். விமானம் மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கிப் போகிறதா என்று காட்டும் கருவிக்குச் செயற்கை அடிவானம் என்று பெயர். பீட்டர்சன் பயிற்சி எடுத்தது வழக்கமான வகையில். அந்தப் பொனான்ஸாவில் இருந்ததோ ஸ்பெர்ரி எஃப்3. அதில் கோடு கிடையாது, குட்டி விமானப் படத்துக்குப் பின்னால் ஒரு உருண்டை மிதக்கும். ஏற்ற இறக்கத்தை அது காட்டும் விதம் வழக்கமான கருவிக்கு நேர் எதிர். கருவி பழுதில்லை, பொய்யும் சொல்லவில்லை. வேறொரு பாஷையில் பேசியது, அவ்வளவுதான். இறங்கிக்கொண்டே திரும்பும்போது, ஏறித் திரும்புவதாக அவர் நினைத்திருக்கலாம் என்கிறது அறிக்கை. விமானத்தின் சொந்தக்காரர் கோபுரத்தருகே நின்று வால்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. காலையில் அவரே வேறொரு விமானத்தில் தேடிப்போய் உடைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார். வேகமானியின் முள் 170 மைலை ஒட்டிச் சிக்கி நின்றிருந்தது. எஞ்சின் கடைசிவரை ஓடியிருந்தது.

தகுதியில்லாத நிலையில் கிளம்பிய பைலட்டின் விவேகமற்ற முடிவே முதன்மைக் காரணம் என்று அறிக்கை எழுதியது. வானிலைத் தகவலின் குறையையும் கருவியின் பழக்கமின்மையையும் துணைக் காரணங்கள் ஆக்கியது. தப்பு என்று சொல்ல மாட்டேன், கிளம்பியது அவர்தானே. ஆனால் வந்து சேராத அந்த எச்சரிக்கை துணைக் காரணம் என்ற வரிசையில் உட்காரும் விதம் எனக்கு உறுத்துகிறது. பிரபலமான ஒருவர் கேட்கும்போது, நடு ராத்திரியில், முடியாது என்று சொல்லும் பாரத்தை முழுக்க ஒரு இருபத்தொரு வயசுப் பையன் தலையில் வைத்த மாதிரி இருக்கிறது.

ரசிகர்களுக்கு இந்தக் காரணங்கள் போதவில்லை. வயலில் ஹாலியின் துப்பாக்கி கிடைத்ததும் வதந்தி கிளம்பியது. 2007இல் ரிச்சர்ட்சனின் உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்தார்கள், குண்டுக் காயம் எதுவும் இல்லை. 2015இல் விசாரணையை மறுபடி திறக்கக் கேட்டார்கள், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மறுத்துவிட்டது.

விழுந்த இடத்தில் 1988இல் ஒரு ரசிகர் எஃகில் நினைவுச்சின்னம் செய்து வைத்தார்: ஒரு கிடார், மூன்று இசைத்தட்டுகள். பீட்டர்சனுக்கென்று தனியாக ஒன்று அங்கே வந்தது 2009இல்.