முப்பத்தாறு விநாடி: 2012 ஆசிரியர் தகுதித் தேர்வு முடிவை மீள வாசித்தல்

2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் முதன்முறையாக நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. இந்த ஒற்றை எண்ணைக் கொண்டு மாநிலத்தின் ஆசிரியர் கல்வியே சீரழிந்துவிட்டது என்று முடிவுகட்டும் போக்கு ஆய்வுகளில் நிலைபெற்றுவிட்டது. சென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுகப் பகுதியைப் போல, வீட்டில் முதல் பட்டதாரியாக பி.எட். சேர்பவர்கள் நிறைந்த இடங்களுக்கு அந்த முடிவு இன்னும் கடுமையாகப் பொருத்தப்படுகிறது. அவ்வளவு பெரிய தீர்ப்பை அந்த எண் தாங்காது என்பதே இங்கு என் வாதம்.

அந்தத் தேர்வுக்கு விதிக்கப்பட்ட நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம். வினா ஒன்றுக்கு 36 விநாடி. ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தைப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப ஐந்து விநாடி என்று கொண்டால், வட்டம் நிரப்புவதிலேயே பன்னிரண்டரை நிமிடம் போய்விடும். மீதமுள்ள நேரத்தில் தமிழ், ஆங்கில உரைப்பகுதிகளைப் படித்து விடை தேடவேண்டும். கணக்குகளை வினாத்தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்கவேண்டும். உளவியல் வினாக்களில் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்தறிய வேண்டும்.

ஒரு தேர்வரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் 100 வினாக்களை நிதானமாகப் படித்து விடையளிக்க முடிகிறது. படித்த வினாக்களில் நான்கில் மூன்றுக்குச் சரியான விடை தெரியும். ஆக 75 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், மணி அடிக்கும் முன் எஞ்சிய 50 வட்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார். நான்கு விடைகளில் ஒன்று என்ற கணக்கில் 12 அல்லது 13 மதிப்பெண் கூடும். மொத்தம் 87 அல்லது 88. தேர்ச்சிக்குத் தேவை 90. அவர் ‘ஃபெயில்’. இதே ஆளுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தால், அறிவில் கடுகளவும் கூடாமலேயே 112 எடுப்பார். முதல் நாளில் ஆசிரியராகத் தகுதியற்றவர், மறுநாளில் நல்ல மதிப்பெண் பெற்ற ஆசிரியர். இந்த இரண்டு தீர்ப்புகளில் எது அவரைப் பற்றியது?

கேள்வி வெறும் கற்பனையில் பிறந்ததன்று. நேரம் போதவில்லை என்ற கூக்குரலுக்குப் பின் 2012 அக்டோபர் 14 அன்று துணைத்தேர்வு நடந்தது. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜூலையில் தவறியவர்களே. நேரம் மூன்று மணி. இம்முறை 19,000-க்கும் மேற்பட்டோர் தேறினர். தேர்ச்சி விகிதம் ஏறத்தாழ மூன்று விழுக்காடு. மூன்றே மாதத்தில் எட்டு மடங்கு.

இதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: நேரம் கூடியது, வினாத்தாள் எளிதாக இருந்தது, தேர்வர்கள் மூன்று மாதம் கூடுதலாகப் படித்தனர். இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இன்று நம்மிடம் உள்ள தரவு போதாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் பழைய வாசிப்புக்கு அது உதவாது. கடிகாரத்தை மாற்றினாலோ, வினாத்தாளை மாற்றினாலோ, மூன்று மாதம் மனப்பாடம் செய்தாலோ எட்டு மடங்கு மாறிவிடும் ஓர் எண், ஓரிரு ஆண்டுப் பயிற்சியின் தரத்தை அளந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அந்த மூன்று மாதத்தில் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் மாறிவிடவில்லை.

மூன்று விழுக்காடும் குறைவுதானே என்பார்கள். குறைவுதான். தேறாத அனைவரும் திறமைசாலிகள் என்று நான் வாதிடவில்லை. 60 விழுக்காடு என்னும் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதே என் கேள்வி. 2013 தேர்வுக்குப் பிறகு, 2014 பிப்ரவரியில், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அந்தக் கோடு 55 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. 90-க்குப் பதில் 82. அந்த எட்டு மதிப்பெண் இடைவெளிக்குள்ளிருந்து பல்லாயிரக்கணக்கானோர் தேர்ச்சிப் பட்டியலுக்கு வந்தனர். கோட்டை ஒட்டிய கீழ்ப்புறத்தில் தேர்வர்கள் அடர்ந்து நிற்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடர்த்தியான இடத்தில் விழும் கோடு சிறிது நகர்ந்தாலும் ஆயிரக்கணக்கானோரின் தலைவிதி மாறும். மேலே கணக்குப் போட்ட அந்த 87 மதிப்பெண்காரர் இடஒதுக்கீட்டுப் பிரிவினராக இருந்தால், புதிய கோட்டின்படி ஒன்றரை மணி நேரத்திலேயே தேறியிருப்பார். தகுதியைக் குறைத்துவிட்டார்கள் என்று அன்று எழுந்த புலம்பலை நான் பொருட்படுத்தவில்லை; அந்தச் சலுகையை 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

இந்த நேரக் கணக்கு எல்லோரையும் ஒரே அளவில் அடிப்பதில்லை. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த, வீட்டில் ஆங்கிலச் செய்தித்தாள் வராத ஒருவருக்கு ஆங்கில உரைப்பகுதியின் பொருள் புரியாமலில்லை. படித்து முடிக்கத்தான் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த நேரம் அவருடைய கணிதப் பகுதியிலிருந்து கழிகிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் இருந்து பி.எட். படிக்க வருபவர்களின் இழப்பு அறிவின் இழப்பா, வேகத்தின் இழப்பா என்று ஜூலை முடிவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலிலும், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளால் அடைபட்ட எண்ணூர் விரைவுச் சாலையிலும் கழியும் மணிகளை இதில் நான் சேர்க்கவில்லை.

தேர்ச்சி விழுக்காட்டைத் தரமாக வாசிப்பதன் விளைவு பயிற்சிக்குள்ளேயே திரும்பி வருகிறது. இரண்டாண்டு பி.எட். படிப்பின் இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. பாடக்குறிப்பு எழுதி, வகுப்பெடுத்து, வழிகாட்டி ஆசிரியரிடம் திருத்தம் வாங்கவேண்டிய காலம் அது. அந்த வாசிப்பு வளர்த்த தேர்வுப் பண்பாடோ பயிற்சி மாணவரை ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை வரிக்கு வரி, பெட்டிச் செய்தி விடாமல், ஒருவரி வினா விடையாக உருப்போட வைக்கிறது. 2018-19 முதல் பாடநூல்கள் மாறியபோது உருப்போட்டவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

உருப்போடுவதால் கைவராத திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடினர். அந்த ஊர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சுற்றுச்சூழல் மாசு பற்றிய பாடத்தை எங்கே தொடங்குவது, படகும் வலையும் கறுத்துப்போன வீட்டுப் பிள்ளையிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தீர்மானிப்பது ஆசிரியரின் தொழில்திறன். அது கற்பித்தல் பயிற்சியில் மட்டுமே கைவரும். கொள்குறி வினா எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் அங்கே எட்டாது. அப்படியானால் தேர்வே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், பாடம் தெரியாதவர் வகுப்புக்குப் போகக் கூடாது. தேர்ச்சி விழுக்காட்டைப் பயிற்சியின் தரமாக வாசிக்காதீர்கள் என்பதோடு என் கோரிக்கை நிற்கிறது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் தேறவேண்டும் என்கிறது. இருபது ஆண்டு வகுப்பெடுத்தவர்களின் தேர்ச்சி விழுக்காடும் இனி வெளிவரும். அதையும் பழைய முறையில் வாசிக்கப் பலர் காத்திருப்பார்கள்.

ஆகவே ஆசிரியர் தேர்வு வாரியம் 2012-இன் இரண்டு தேர்வுகளுக்கும் மதிப்பெண் வாரியாகத் தேர்வர் எண்ணிக்கையையும், பகுதி வாரியாகச் சரியான விடைகளின் விகிதத்தையும் ஆய்வாளர்களுக்குத் தரவேண்டும். பெயரோ பதிவெண்ணோ தேவையில்லை. தேர்வர்கள் பொதுவாகக் கடைசிக்குத் தள்ளும் கணிதப் பகுதியில் ஜூலை விடைகள் குருட்டு ஊகத்தின் அளவான 25 விழுக்காட்டை நெருங்கியிருந்து, அக்டோபரில் மற்றப் பகுதிகளைவிட அதிகம் உயர்ந்திருந்தால் நேரமே முதன்மைக் காரணம் என்பது உறுதிப்படும். எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் உயர்ந்திருந்தால், வினாத்தாளின் எளிமையையோ கூடுதல் படிப்பையோ காரணமாகக் கொள்ளவேண்டும்; 36 விநாடி பற்றி இங்கே நான் சொன்னதில் பெரும்பகுதி திருத்தப்பட வேண்டியிருக்கும்.