போர்க்கலைகளின் உறவுமுறை

போர்க்கலை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைத் தத்தம் இனத்தின் தனிச்சொத்தாகவே எழுதிவிடுகின்றனர். யப்பானியரின் கராத்தேயும் கொரியரின் தைக்குவாண்டோவும் இதற்குத் தக்க சான்றுகள்.

கராத்தே ரியூக்கியூ அரசின் ஒகினாவாத் தீவில் வளர்ந்தது. சீனத்துடன் நிலவிய தொடர்பு அதனைச் செழுமைப்படுத்தியது; அதன் பெயரையும் ‘சீனக் கை’ என்று பொருள்படவே எழுதினர். 1879இல் அத்தீவை யப்பான் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1922இல் ஃபுனகோஷி கிச்சின் அக்கலையை டோக்கியோவில் அரங்கேற்றினார். சீனத்தின் மீது பகைமை முற்றிய 1930களில், அதே ஒலியுடைய வேறோர் எழுத்தைக் கொண்டு அப்பெயரை ‘வெறுங்கை’ ஆக்கினர்.

1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் அடிமை நாடு. அக்காலத்தில் யப்பானுக்குக் கல்வி தேடிச் சென்ற கொரிய இளைஞர் சிலர் கராத்தேயைப் பயின்று, தாயகம் மீண்டு பயிற்சிக்கூடங்களை நிறுவினர். யப்பானியர் ‘ஹெய்யான்’ என்று படித்த பயிற்சித் தொடரை, அதே எழுத்துக்களில் கொரியர் ‘பியோங்ஆன்’ என்று படித்தனர். தைக்குவாண்டோ என்ற பெயர் 1955இல் எழுந்தது. பின்வந்த வரலாறுகளோ கராத்தேயை மறைத்து, அக்கலையைப் பண்டைய சில்லா அரசின் வீரரோடு நேரே பிணைத்தன. ஆண்டோரின் சுவட்டை அழிக்க அடிமைப்பட்டோர் விரும்பியதை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆயினும் அதனை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. உதைக்கும் நுட்பத்தில் கொரியர் கண்ட வளர்ச்சி மெய்யானது. அதற்குப் புனைகதையின் துணை வேண்டுவதில்லை.

இக்குறை நம்மிடமும் உண்டு. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சாவோலின் மடத்தாருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்று தமிழர் பெருமை பேசுகின்றனர். அக்கூற்றுக்கு மூலமான நூல் போதிதருமருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு.

தொலைவில் உறவு தேடும் நாம், அருகிலுள்ள உறவை நோக்குவதில்லை. சிங்கள மக்களின் அங்கம்பொரவில் ‘நில’ எனப்படும் உடற்புள்ளிகளைக் குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்கள் ‘வர்மம்’ என்பர். இரு மரபிலும் அடிக்கும் அறிவும் ஆற்றும் மருத்துவமும் ஒருங்கே பயிலப்படுகின்றன. அங்கம்பொர வீரரின் ‘எத்துனு கடுவ’ தமிழரின் சுருள்வாளையும் மலையாளக் களரியின் உறுமியையும் ஒத்தது. புளியங்கூடல் அமைந்துள்ள தீவின் ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்கள் தென்னிந்தியாவுக்குச் சென்று வந்ததை அறிந்தோருக்கு இவ்வொற்றுமை வியப்பளியாது.

இக்கலைகளை ஒடுக்கிய கையும் ஒன்றே. 1805இல் பழசிராசா வீழ்ந்த காலத்தில் மலபாரில் ஆயுதம் தாங்குவதை ஆங்கிலேயர் ஒடுக்கினர். 1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சிக்குப் பின் அங்கம்பொரவும் தடைசெய்யப்பட்டதாகச் சிங்கள மரபு கூறுகிறது.

இன்று யாழ்ப்பாணத்தில் கராத்தே பயிலும் இளைஞர் பலர். ஒகினாவாவின் கதையை அவர்கள் அறிதல் நன்று. அதனினும் நன்று, அங்கம்பொரவையும் அடிமுறையையும் அருகருகே வைத்து, யார் மூத்தவர் என்ற வழக்காடாமல் ஒப்பிட்டு ஆராயும் மாணவர் சிங்களவரிடையேயும் தமிழரிடையேயும் தோன்றுதல்.