அப்பாச்சி முந்தியது எதனால்?

அப்பாச்சி வெப் சர்வர் இலவசம் என்பதால்தான் பரவியது என்பார்கள். அதற்கு முன்னோடியான அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தின் சர்வரும் இலவசம்தான். அதன் மூல நிரலும் திறந்தே கிடந்தது. ஆனால் அதை எழுதிய ராப் மெக்கூல் 1994-இல் விலகியதும் வளர்ச்சி தேங்கியது. தளங்களை நடத்தியவர்களே பிழைகளைத் திருத்தினார்கள். 1995-இல் ஒன்றுகூடி அப்பாச்சியை வெளியிட்டார்கள். பழைய சர்வரின் கான்ஃபிக் கோப்புகளையே அது ஏற்றுக்கொண்டதால் மாறுவோருக்குச் சிரமமில்லை. 1996 ஏப்ரலில் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் வெப் சர்வர் கணக்கெடுப்பில் அது முதலிடம் பிடித்தது.

லினக்ஸில் எளிதாக நிறுவ முடிந்ததும் காரணமில்லையா எனக் கேட்கலாம். காரணம்தான், ஆனால் ஒரே கட்டளையில் நிறுவித்தரும் டெபியன் லினக்ஸின் ஆப்ட்-கெட் பின்னால் வந்தது. மூல நிரலை கம்பைல் செய்து நிறுவிய காலத்திலேயே அப்பாச்சி முந்திவிட்டது. பயன்படுத்துவோரே பராமரித்ததுதான் வெற்றியின் வேர். இன்று சர்வர் நடத்துவோரும் கண்ட பிழையைத் தெரிவிக்கட்டும், திருத்தம் அனுப்பட்டும்.