காகிதம் அறுந்த இடம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற விடுதிப் பள்ளிகளில் படித்த பையன்களுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. பெரிய மனிதர்கள் குதிரையேறி, வேட்டை நாய்களோடு நரியையும் முயலையும் துரத்திக்கொண்டிருந்தார்கள். பையன்களிடம் குதிரையும் இல்லை, நாயும் இல்லை. கிழிப்பதற்குப் பழைய நோட்டுகள் மட்டும் நிறைய இருந்தன. கிழித்த காகிதத்தைப் பைகளில் அடைத்துக்கொண்டு இரண்டு பேர் முயலாகி ஓடினார்கள். வயலிலும் வேலியிலும் அவர்கள் தூவிப் போன காகிதத்தையே மோப்பமாக வைத்து மற்றவர்கள் நாய்களாகித் துரத்தினார்கள். கெட்டிக்கார முயல் நடுவில் பொய்த் தடமும் போட்டுக் குழப்பினான்.

பையன்கள் வளர்ந்த பிறகும் இந்த ஆசை அடங்கவில்லை. 1868இல் லண்டனில் தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்று ஒரு கழகமே தொடங்கினார்கள். ஆனால் கடிகாரம் உள்ளே நுழைந்ததும் விளையாட்டு பந்தயமாகிவிட்டது. யார் முதலில் வந்தார் என்பதே பேச்சானது. காகிதமும் அதில் இருந்த புதிரும் மெல்ல மெல்ல ஓரம் கட்டப்பட்டன. அந்தப் புதிருக்கு மறுபடி உயிர் வர வேண்டுமானால், நின்ற இடத்தில் மனிதன் திசை தடுமாறிப்போகும் ஒரு காடு வேண்டியிருந்தது. அந்தக் காடு அப்போது பிரேசிலில் விதையாகக் கிடந்தது.

1876இல் ஹென்றி விக்காம் என்பவர் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கியூ தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் 22 நாற்றுகள் மறு வருடம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அந்த 22இல் ஒன்பது பேராக் மாநிலத்துக்கு வந்து, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ இருந்த கோலகங்சாரில் மண்ணுக்குள் இறங்கின. அந்த முதல் தலைமுறை மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. அன்றைக்கோ அதை யாரும் சீந்தவில்லை. தோட்டக்காரர்களுக்கு காபி போதுமாக இருந்தது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் மன்றாடினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டம்தான் கிடைத்தது. பிறகு காபி விலை விழுந்தது, உலகெங்கும் கார்கள் ஓட ஆரம்பித்தன. பைத்தியக்காரர் சொன்னது பலித்துவிட்டது. மரம் நட ஆள் வேண்டுமே!

தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று நம் ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றினார்கள். காட்டை அழித்து, நிரை நிரையாகக் கன்று ஊன்றியவை அந்தக் கைகள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, இருட்டு விலகும்போதே மரத்தில் முதல் கீறல், வெயில் ஏறுவதற்குள் மங்கு என்ற பால் கிண்ணத்தில் சேர்ந்த பாலைச் சுமந்துபோய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பது என்று நாள் போனது. சாயங்காலம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் அடுப்பு புகையும்போது, வெட்டுக்காடு ஆளில்லாமல் கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இடைவெளியில் ஒரே மாதிரி மரங்கள், ஒரே சாய்வில் வெட்டு, ஒரே உயரத்தில் மங்கு. தினம் வெட்டுகிறவருக்கு ஒவ்வொரு மரமும் அடையாளம் தெரியும். புதிதாக நுழைந்தவர் நூறு அடி போனால் வந்த வழி மறந்துபோகும். இத்தனை பேர் உழைத்து உண்டாக்கிய அந்தக் காடு உலகத்திலேயே அழகான புதிர்ப் பலகையாகவும் இருந்தது என்பதை, ஒரு கணக்காளர் வரும்வரை யாரும் கவனிக்கவில்லை.

அவர் பெயர் ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட். 1903இல் லண்டனில், ஸ்பானிய வழிக் குடும்பத்தில் பிறந்தவர். மலாயாவுக்கு வேலைக்கு வந்து, மலாக்காவில் இருந்த காலத்தில் அங்கே காகிதம் தூவி ஓடும் ஒரு சிறு கூட்டத்தோடு பழகினார். பிறகு கோலாலம்பூருக்கு மாற்றலானபோது, அந்த ருசி நாக்கிலேயே இருந்தது. சிலாங்கூர் கிளப்பை ஒட்டிய விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்கார இளைஞர்கள் வாரக் கடைசியில் குடித்துக் கனத்த தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். விடுதிச் சாப்பாட்டு அறையில் தினம் ஒரே சாப்பாடு. அலுத்துப்போய் அந்த அறைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். செசில் லீ, ஃபிரெடரிக் தாம்சன், எரிக் கால்வின் என்று அங்கே சாப்பிட்ட நண்பர்களைக் கிஸ்பர்ட் கிளப்பிவிட்டார். 1938 டிசம்பர் வாக்கில் ஓட்டம் தொடங்கியது. கூட்டத்துக்குப் பெயர் வேண்டும் என்றபோது, சாப்பாட்டு அறையின் பட்டப்பெயரையே சூட்டினார்கள். ஆனால் முதல் நாளிலேயே பழைய தொல்லை தலைதூக்கக் காத்திருந்தது. வேகமானவன் முன்னே பறந்துவிட்டால், தொப்பைக்காரர் என்ன செய்வார்?

கிஸ்பர்ட்டே ஓட்டப் பந்தய வீரர் அல்லர். அவருக்கு முக்கியம் கூட வரும் நட்புதான். அதனால் லண்டன் கழகங்கள் தொலைத்த புதிர் இங்கே நடுநாயகமானது. தடம் வேண்டுமென்றே அறுக்கப்பட்டது. மரத்தின் பட்டை மடிப்பில் செருகிய ஒரு காகிதம், இருபது அடி தள்ளிப் புல்லில் இன்னொன்று, வாய்க்கால் கரையில் ஒரு பிடி. அதோடு சரி. அதற்கப்பால் வெறும் சருகு. முன்னே பாய்ந்து வந்தவர்கள் அங்கே நின்று, நாலா பக்கமும் பிரிந்து தேடியாக வேண்டும். ஒருவர் ஒரு நிரையில் போய்க் காகிதத்தைக் கண்டு 'ஆன்! ஆன்!' என்று உற்சாகமாகக் கத்துவார். பத்து மரம் தாண்டினால் அது பொய்த் தடம். திரும்பி வர வேண்டும். தடம் போட்டவன் மேட்டை நினைத்தானா, சேற்றை நினைத்தானா என்று அவன் மனதைப் படிக்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது பின்னால் மூச்சு வாங்க நடந்து வந்தவர் நிதானமாக வந்து சேர்ந்துவிடுவார். பல நாள் சரியான வழியைக் கண்டுபிடிப்பதும் அவராகவே இருக்கும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: பின்தங்கியவருக்காகவே வழி மறைக்கப்பட்டது.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த இன்னொரு நண்பர் டார்ச் பென்னெட் திரும்பி வந்து, வங்கிக் கணக்கு, வரவு செலவு என்று ஒழுங்கு செய்தார். எனாமல் குவளைகள், ஒரு தகரத் தொட்டி என்று சொத்தும் சேர்ந்தது. அந்தச் சமயத்தில்தான், 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது.

அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ விழுந்தது. கம்பாரில் சில நாள் தாக்குப்பிடித்த தடுப்பு, ஜனவரி 7 அன்று ஸ்லிம் ரிவரில் நொறுங்கியது. அங்கே சிதைந்த படைகளில் ஒன்று ஆர்கைல் படைப்பிரிவு. அதே படைப்பிரிவின் அதிகாரியாகத்தான் கிஸ்பர்ட் சிங்கப்பூரில் போரிட்டார். 1942 பிப்ரவரி 11 அன்று புக்கிட் தீமா பக்கம் உயிர்விட்டார். நான்கு நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. தொடங்கியவர் இல்லை, ஓடியவர்கள் சிறை முகாம்களில். மூன்று வருடத்துக் குழந்தை அதோடு முடிந்துவிட்டது என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. போர் ஓய்ந்ததும் பென்னெட் அரசாங்கத்திடம் போர் நஷ்ட ஈடு கேட்டு ஒரு மனு போட்டார். தொலைந்த சொத்து: 24 எனாமல் குவளைகள், ஒரு தகரத் தொட்டி, இரண்டு பழைய பைகள். 1946 ஆகஸ்டில், தப்பிப் பிழைத்தவர்கள் கோலாலம்பூர் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி மறுபடி ஓடினார்கள். ரப்பர் காட்டுக்குள் தைரியமாக நுழையப் பழகுவதற்குள், பேராக்கிலிருந்து அடுத்த இடி வந்தது.

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் பக்கம் ஒரே காலையில், இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரநிலை பிறந்தது. தோட்டத்து ஜனங்கள் முள்வேலிக்குள் அடைபட்டார்கள். கேட்டில் சோதனை, இரவில் ஊரடங்கு. வேலைக்குப் போகிறவருக்கே உயிர் கையில் இல்லாத காட்டில் யார் விளையாடப் போவது? ஆனாலும் கோலாலம்பூர்க்காரர்கள் ஓட்டத்தை விடவில்லை. செராஸ் அருகே ஒரு மாலை தடம் தேடிப் புதருக்குள் போனவர்கள், உறங்கிக்கொண்டிருந்த ஆயுதக் குழுவினர் மீதே இடறினார்கள் என்றும், படைக்குச் சேதி போனதென்றும் ஒரு கதை அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. துப்பாக்கிக்குத் தப்பியவர்களை ஒரு காகிதம் மடக்கியது. சங்கப் பதிவாளர், சட்டதிட்டம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். உடல்நலம் பேண, வாரக் கடைசி மயக்கம் தெளிய, நல்ல தாகம் எடுக்க, அதை பீரால் தணிக்க, வயதானவர்களுக்கு வயதாகவில்லை என்று நம்பவைக்க என நோக்கங்களை எழுதிக் கொடுத்தார்கள். பதிவும் கிடைத்தது.

1960இல் அவசரநிலை விலகியது. 1962இல் சிங்கப்பூரில் ஒரு கிளை தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆட்டம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. ஒன்பது நாற்று இறங்கிய மாநிலத்துக்கு, சுண்ணாம்புக் குன்றுகள் காவல் நிற்கும் கிந்தா பள்ளத்தாக்குக்கு. விடுதியில் தினம் போட்ட சலிப்பூட்டும் சாப்பாட்டை வைத்து அந்த அறைக்கு வைத்த பட்டப்பெயர் 'ஹாஷ் ஹவுஸ்'. ஓடுகிற கூட்டம் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ். ஈப்போ சுற்றுவட்டாரத்தில் எவரும் சாதாரணமாக 'ஹாஷுக்குப் போறேன்' என்று சொல்லும் அதே ஹாஷ். உலகத்தில் இன்று சுமார் 2,000 கிளைகள். வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் என்று தொடங்கியது, சீனர், தமிழர், மலாய்க்காரர், பெண்கள் என்று எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது.

தோட்டங்கள்தான் மாறிவிட்டன. பல இடங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். சில இடங்களில் வீட்டு மனை. லயம் இருந்த இடத்தில் கோயில் மட்டும் தனியாக நிற்கும். ஆனாலும் கைவிடப்பட்ட பழைய நிரைகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்றும் கார்கள் வந்து நிற்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்க்கும்போது, சருகு மூடிக் காகிதம் தெரியாது. மழை நாளில் அது ஊறிக் கரைந்து மண்ணாகிவிடும். வேகமாக ஓடி வந்தவர்கள் ஓடைக்கரையில் நின்று, ஆளுக்கொரு நிரையாகப் பிரிகிறார்கள். பழைய வெட்டுத் தழும்பு ஆறிப்போன ஒரு மரத்தில், மங்கு தொங்கிய துருப்பிடித்த கம்பி வளையத்தில், யாரோ செருகிய வெள்ளைத் துண்டு ஒன்று காற்றில் ஆடுகிறது. கடைசியாக நடந்து வந்தவர்தான் அதைப் பார்க்கிறார். கையை வாயருகே குவித்து, 'ஆன்! ஆன்!' என்று குரல் கொடுக்கிறார்.